பபிதா மேல் நான் ஒட்டிய அம்பு

செக்கிங் டேபிளுக்குப் புதிதாக வந்திருக்கிற கண்ணுகளுக்கு மயிலாத்தாள் எழுதுவது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விட்டது அதற்கு ஒரு வருடம் முன்பே. அதனால் இதில் உள்ள எழுத்துப் பிழைகளை எல்லாம் என் பேத்தி திருத்திக் கொடுத்திருக்கிறாள். மற்ற பிழை எல்லாம் என்னுடையது.

"உங்க அனுபவத்தைப் புதுசா வர்றவங்களுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்க" என்று கம்பெனியில் கேட்டார்கள். சிரிக்கிற மாதிரி எழுதுவேன் என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்படிக் கதை என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, கேண்டீனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது இதுவரை நான் வாயைத் திறக்காத கதை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விழுந்த உயரம் தெரியும். டேமேஜ் பீஸைக் கையில் எடுத்தால் அது எங்கே கெட்டது என்று நான் சொல்லிவிடுவேன். ஒரு தடவை சிவப்பில் நாலு, நீலத்தில் மூன்று, வெள்ளையில் ஐந்து பனியன், எல்லாவற்றிலும் முதுகில் மயிரிழை போல ஒரே கோடு. தைத்தது வேறு வேறு டெய்லர்கள். ஆளுக்கு ஆள் மாற்றித் திட்டிக்கொண்டிருந்தார்கள். "அவங்களை விடுங்க, துணி பின்னின மிஷின்ல ஒரு ஊசி வளைஞ்சிருக்குது, போய்ப் பாருங்க" என்றேன். போய்ப் பார்த்தார்கள். வளைந்துதான் இருந்தது. அந்த ஊசியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு பனியன் ஒரே சொல்லாகச் சொன்னதை வைத்துச் சொன்னேன்.

ஆனால் எண்ணெய்க் கறை அப்படி இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் மேலே இருப்பதன் கறை கீழே இருப்பதிலும் ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பிறப்பிடம் வேறு. கோட்டையும் கறையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளுக்குப் பாதிச் செக்கிங் தெரிந்த மாதிரி. எனக்கு முழுச் செக்கிங்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சூப்பர்வைசராக இருந்த டேபிளில் பபிதா என்று ஒருத்தி இருந்தாள். பீகார்க்காரி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவள் புருஷன் எங்கள் அயர்ன் செக்சனிலேயே வேலை. இருவரும் ஒரே காண்டிராக்டர் மூலம் வந்தவர்கள். கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு ரூமில் இருந்தார்கள். பபிதா அதிகம் பேசமாட்டாள். குறை கண்ட இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம் அல்லவா, அது அவள் கையில் இருந்தால் ஒரு குறை தப்பாது. நான்தான் அவளை எப்போதும் வம்புக்கு இழுப்பேன். "ஏன் பபிதா, உம்பட புருசனுக்கும் அம்பு ஒட்டியாச்சா?" என்பேன். "நிறைய ஒட்டிட்டேன் அக்கா, ரிஜெக்ட் பண்ண முடியல" என்பாள். அவ்வளவு தமிழ் தெரியும்.

ஒரு குழந்தைகள் இரவு உடை ஆர்டர். ஐரோப்பாவுக்குப் போவது. வெளியே தைக்கக் கொடுத்த ஒரு பகுதியில் தோள் தையல் விட்டிருந்தது. இழுத்தால் பிரியும். ஷிப்மென்ட்டுக்கு நாள் இல்லை. மாற்றித் தைத்தது போக மீதி ஒரு குவியல் நின்றது. பபிதா அதில் ஒவ்வொன்றாக அம்பு ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக உரித்தேன்.

"அக்கா, இது தோள் பிரியுது" என்றாள்.

"தெரியுது. பேக் பண்ணச் சொல்லு."

"பச்சா போடற துணி அக்கா."

"பச்சா என்ன சட்டையை இழுத்துப் பார்த்தா தூங்கப் போகுது? ஒட்டாத. நான் சொல்றனில்ல."

பக்கத்து டேபிள் சிரித்தது. நான் சொன்னால் சிரிப்பார்கள். பபிதா ஸ்டிக்கர் அட்டையைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பீஸ்களை எல்லாம் பெட்டிகளில் போட்டு, சுவர் ஓரமாக அடுக்கின் அடி வரிசையில் வைக்கச் சொன்னது நான். முன்னால் நல்ல பெட்டிகள். இந்த வேலையை ஊரில் பல பேர் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்சன். பையர், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனி, சோதித்துப் பார்க்க அனுப்பிய அம்மா லித்துவேனியா என்ற நாட்டுக்காரர். ஐம்பது வயது, நெட்டை, வெள்ளி முடி. எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். மெர்ச்சண்டைசர் அந்தோணி தம்பி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கூடவே இருந்து எங்களுக்குத் தமிழில் சொல்வான்.

பத்தரை மணி டீக்கு எல்லாரும் கேண்டீன் போனோம். டம்ளரோடு நான் திரும்பி வரும்போது பார்க்கிறேன், என் டேபிளில் அந்த அம்மாவும் பபிதாவும் மட்டும். அந்த அம்மா கையில் ஒரு சட்டை. தோள் தையல் மேல் விரல். பபிதாவும் அதே தையல் மேல் விரலை வைத்து ஏதோ சொல்கிறாள். அந்த அம்மா கண் விரிகிறது. இருவரும் விரல் விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள். சிரிக்கிறார்கள். அந்த அம்மா தன் பல்லைத் தொட்டுக் காட்டுகிறார், பபிதா தன் பல்லைத் தொட்டுக் காட்டுகிறாள். மறுபடி சிரிப்பு. அந்த அம்மா பபிதாவின் தோளில் தட்டிக் கொடுக்கிறார்.

என் கையில் டீ ஆறிப்போனது.

டீ முடிந்து அந்த அம்மா நேராக நடந்து வந்தார். முன்னால் இருந்த நல்ல பெட்டி எதையும் தொடவில்லை. சுவர் ஓரத்து அடி வரிசையைக் காட்டினார். "இது, இது, இது." திறந்தார்கள். தோளைப் பிடித்து இழுத்தார். பிரிந்தது. அடுத்தது. பிரிந்தது. லாட் ஃபெயில், மொத்தச் சரக்கும் நின்றது.

முதலாளி வந்தார். எதிரில் செக்கிங், பேக்கிங், அயர்ன், எல்லாச் சனமும் நிற்கிறது.

"ஏனுங் மயிலக்கா, அத்தனை பெட்டி இருக்க, அந்த மூணை மட்டும் எப்படீங்க அந்தம்மா கேட்டாங்க? யாரு சொன்னது?"

அவர் என்னைத்தான் பார்த்தார். அடி வரிசையில் வைக்கச் சொன்னது யார் என்ற கேள்வி அடுத்து வரும் என்று எனக்குத் தெரியும். அது வருவதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.

"பபிதாதானுங்க. நான் கண்ணால பார்த்தனுங்க. தையலைத் தொட்டுக் காட்டி, எத்தனை பீஸுன்னு விரல் விட்டு எண்ணிச் சொல்லிக் கொடுத்தாளுங்க. வெள்ளைக்காரிக்குத் தங்கச்சி நம்மூட்டுலயே இருக்கறது இத்தனை நாளா நமக்குத் தெரியாமப் போச்சுங்க."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது.

பபிதா, "அக்கா, நான் சொல்லல. அக்கா, அவங்க வேற பேசினாங்க" என்றாள். அவளுக்குத் தமிழ் திக்கியது. இந்தியில் ஏதோ வேகமாகச் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காண்டிராக்டரைக் கூப்பிட்டார்கள். அவளோடு புருஷனையும் நிறுத்தினார்கள், ஒரே ஆள் மூலம் வந்தவர்கள் என்பதால். சாயங்காலத்துக்குள் ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். ஷிப்மென்ட்டைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் இந்த ஊரில் எந்த யூனிட்டும் வாசலில் நிற்க விடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இரண்டு நாள் எல்லாப் பெட்டியையும் பிரித்து, தோளை மாற்றித் தைத்து, மறுபடி பேக் செய்தோம். மூன்றாம் நாள் அந்த அம்மா திரும்ப வந்தார். உள்ளே வந்ததும் பெட்டியைக் கேட்கவில்லை. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு என் டேபிளைச் சுற்றிப் பார்த்தார்.

அந்தோணி தம்பி சொன்னான்: "அன்னைக்கு இங்கன நின்ன அக்கா எங்கன்னு கேக்காங்க. அவங்களுக்குக் காட்டணும்னு எழுதிட்டு வந்திருக்காங்களாம்."

"என்னத்தைக் காட்டறது? இன்னும் எந்தப் பெட்டியாம்?" என்றேன்.

அவன் அதை ஆங்கிலத்தில் கேட்டான். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. தாளை மேசையில் விரித்தார். அவர் சொல்லச் சொல்ல அந்தோணி சொன்னான். தையலுக்கு அவர்கள் பாஷையில் 'சியூலே' என்பார்களாம். அன்றைக்குச் சட்டையைத் தொட்டுத் தன் பாட்டுக்கு அந்தச் சொல்லைச் சொன்னாராம். பக்கத்தில் இருந்த பபிதா 'சிலாயி' என்றாளாம். அவருக்கு ஆச்சரியம். இரண்டுக்கு இவர் 'து', அவள் 'தோ'. மூன்றுக்கு இவர் 'த்ரீஸ்', அவள் 'தீன்'. பல்லுக்கு இவர் 'தந்திஸ்', அவள் 'தாந்த்'. இதைத்தான் இருவரும் விரல் விட்டும் பல்லைத் தொட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"எங்கியோ இருக்கற ஊருக்கும் பீகாருக்கும் எப்படித் தம்பி?" என்று கேட்டேன். குரல் அப்போதே கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பல்லாயிரம் வருசத்துக்கு முந்தி ஒரே பாஷை பேசின ஒரு சனம் இருந்ததாம் அக்கா. ஆடு மாடு வச்சிருந்தவங்க. அதுல இருந்து பிரிஞ்சு பிரிஞ்சு போனவங்கதான் இந்திக்காரங்க, இங்கிலீஷ்காரங்க, இந்தம்மா ஊர்க்காரங்க எல்லாம். இங்கிலீஷ்லயும் 'டூ', 'த்ரீ'ங்கோம்லா? தையலுக்கு 'சீம்'ங்கோம்லா? எல்லாம் ஒரே வேருதானாம். நம்ம தமிழ் அந்தக் குடும்பம் இல்ல, வேற."

"எல்லாப் பாஷையிலயும் ஒரே மாதிரி இருந்தா அது ஒரே குடும்பமா?"

அந்த அம்மா தலையை ஆட்டினார். அப்படி இல்லையாம். சாவிக்குத் தமிழில் சாவி, இந்தியில் சாபி. இரண்டுமே போர்த்துக்கீசியர்களிடம் வாங்கியதாம். வாங்கினது வேறு, பிறந்தது வேறு. எனக்குச் சட்டென்று விளங்கியது. ஒன்று எண்ணெய்க் கறை, மற்றது ஊசிக் கோடு. அந்தோணியிடம் சொன்னேன், அவன் சொன்னதும் அந்த அம்மா மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். என்னைப் பெரிய அறிவாளி என்று நினைத்திருப்பார்.

தாளில் அடியில் ஒரு சொல் இருந்தது. அந்தோணி படித்தான், 'சியூ'. தைப்பதற்கு அந்தப் பழைய சனம் சொல்லியிருக்கக் கூடிய சொல்லாம். அதற்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தது.

"இது எதுக்கு?"

அவர் சொன்னதை அந்தோணி மெதுவாகச் சொன்னான். "அந்தப் பாஷையை யாரும் எழுதி வைக்கல. பேசி யாரும் கேட்டதும் இல்ல. மிச்சம் இருக்குத பாஷைகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து, இப்படித்தான் இருந்திருக்கணும்னு படிச்சவங்க சொல்லுதாங்க. எவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சாலும் முன்னால நட்சத்திரம் போட்டுத்தான் எழுதணுமாம். 'நான் இதைக் கேட்கல, ஊகிச்சிருக்கேன்'னு அர்த்தமாம்."

எத்தனையோ படித்த, ஆயிரம் சொல்லை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அத்தனை அடக்கமாக ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள். நான் ஒரு விரல், ஒரு பல், ஒரு சிரிப்பு, இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வேலையை விட்டும் வீட்டை விட்டும் துரத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்தேன் என்று வேறு சொன்னேன். பார்த்தது விரலைத்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி எனக்கு மிச்சம் இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "அப்பறம் அந்த மூணு பெட்டி எப்படித் தெரிஞ்சுதாம்?"

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்கதான் காட்டினீங்களாம் அக்கா. காலைல இருந்து நீங்க அந்தச் சுவர்ப் பக்கம் முதுகைக் குடுத்து, அடைக்கோழி மாதிரி நின்னுட்டே இருந்தீங்களாம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சூப்பர்வைசர் எதுக்கு முன்னால நகராம நிக்காங்களோ அதைத்தான் முதல்ல தொறப்பாங்களாம்."

அன்றைக்குச் சாயங்காலமே பபிதாவைத் தேடிப் போனேன். மண்ணரை என்ற பகுதியில் ஒரு வரிசை வீட்டில், அவர்கள் ஊர்க்காரர் ரூமில் ஆறு பேரோடு இரண்டு பேராக ஒதுங்கியிருந்தார்கள். வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த மரியாதை எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

"கண்ணு, நீ ஒண்ணுஞ் சொல்லலைன்னு தெரிஞ்சு போச்சு. முதலாளிகிட்டயும் சொல்லிப் போட்டேன். ரெண்டு பேரும் திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க. ரூமும் திருப்பிக் குடுக்கச் சொல்லியாச்சு."

அவள் கையைத் துடைத்தாள். "அக்கா, மூணு கம்பெனி போனேன். முதல் ஆளு பேர் கேட்டாரு. சொன்னேன். 'ஓ, நீயா'ன்னாரு."

அவள் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நீங்க எல்லார் முன்னாடி சொன்னீங்க. இங்க வந்து எனக்கு மட்டும் சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே அக்கா, நான் பண்ணலன்னு. எல்லாருக்கும் சொல்லுங்க."

"சொல்றேன் கண்ணு."

"அப்ப வரேன்."

திங்கட்கிழமை காலை, மிஷின் ஓடுவதற்கு முன்னால், எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். பபிதா என் பக்கத்தில் நின்றாள். துவைத்த சேலை, தலை வாரிப் பொட்டு வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல வந்திருந்தாள். அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. வழக்கமாக அத்தனை முகம் என்னைப் பார்த்தால் அது ஏதாவது வம்பு கேட்கத்தான். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தப் பபிதா அந்தம்மாகிட்டப் பெட்டியைப் பத்திப் பேசலியாமா. பல்லைப் பத்தித்தான் பேசினாளாமா! ரெண்டு பேரும் ஒரே குடும்பமாமா. நான் சொன்ன மாதிரியே வெள்ளைக்காரிக்குத் தங்கச்சிதானுங்க, அதுல மட்டும் நான் பொய் சொல்லல!"

என்ன சிரிப்பு! அயர்ன் மேசை வரைக்கும் சிரித்தார்கள். பபிதாவின் புருஷன்கூட, புரிந்தோ புரியாமலோ, சிரித்தான். நானும் சிரித்தேன். பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் அவளைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. இன்னும் ஏதோ வரப் போகிறது என்று காத்திருக்கிற மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்து ஒவ்வொருவராக மிஷினுக்குப் போனார்கள். அப்போதும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசைக்குப் போய் உட்கார்ந்து, அன்றைக்கு நாள் முழுவதும் அம்பு ஒட்டினாள். ஒரு குறை தப்பவில்லை. ஆறு மணிக்கு ஸ்டிக்கர் அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு, "போறேன் அக்கா" என்றாள். 'வரேன்' என்று சொல்ல அவளுக்குத் தெரியும். முதலிபாளையம் பக்கம் ஒரு யூனிட்டில் இரண்டு பேரும் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் டேபிளில் அதற்குப் பிறகும் அவளை 'வெள்ளைக்காரி தங்கச்சி' என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேர் நான் வைத்தது.

கண்ணுகளா, உங்களுக்கும் அவசரம் வரும். ஷிப்மென்ட் நிற்கும், முதலாளி எதிரில் நிற்பார், யாராவது ஒரு பெயரைக் கேட்பார். அப்போது உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு, நீங்கள் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தப்பு நடந்துவிட்டால், அதை ஒத்துக்கொள்ளும்போது யாரையும் சிரிக்க வைக்காதீர்கள். சிரித்துவிட்டால் கேட்டவர்களுக்கு மன்னிப்பு நடந்த மாதிரி இருக்கும். வாங்க வேண்டியவளுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது மூன்று வரிதான். எனக்கு அது வாயில் வர இத்தனை வருடம் ஆனது. கம்பெனி இதை அச்சடித்து எல்லா டேபிளிலும் வைக்கப் போவதாகச் சொன்னதால்தான் எழுதவே ஒத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பற்றி பபிதா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் துணியைப் பேக் பண்ண வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அடி வரிசையில் ஒளித்து வைத்ததும், பழியைத் தூக்கி அவள் மேல் போட்டதும் மயிலாத்தாள்.